நிற்கும் மோட்டாரின் வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கம் போர் மோட்டார் (ஆழ்துளைக் கிணற்று மோட்டார்) வேலைக்கு வரும் புதுப் பையன்கள் எல்லாரும் வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரும் கையுமாகத்தான் வருகிறார்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இது பாலிடெக்னிக் போகாதவனுக்கும் தெரியும். மில்லி ஆம்பியரை ஆம்பியர் என்று படிப்பது, வகுக்க வேண்டியதைப் பெருக்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. விடையைப் பார்த்ததுமே கண்ணை உறுத்தும், தானாகப் பிடிபட்டுவிடும். விடை நம்பும்படி இருந்து காசைத் தின்னும் தவறுகள்தான் தொல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

குளிர்ந்த பல்பின் ஓம்

100 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் பக்கம்தான் காட்டும். அந்த 40ஐ நம்பிக் கணக்குப் போட்டால் 1,300 வாட்டுக்கு மேல் வருகிறது. டங்ஸ்டன் இழை சூடேறும்போது மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். கீசர், இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் நிக்ரோம் இப்படி ஆட்டம் போடாது. 2,000 வாட் கீசருக்கு மீட்டர் 26 ஓம் காட்டினால் தாராளமாக நம்பலாம்.

ஓடும் மோட்டாரில் வகுத்து வந்த ஓம்

அது காயிலின் ஓம் கிடையாது. 230 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் 38 வரும். அதே காயில் மல்டிமீட்டரில் சில ஓம்தான் காட்டும். கரண்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மீதி வேலை காந்தப்புலத்துடையது. "38 இருக்கணும், மூணுதான் காட்டுது, ஷார்ட்டுங்ணா" என்று நல்ல காயிலைப் பிரித்துவிடாதீர்கள்.

நிற்கும்போது வோல்ட், ஓடும்போது ஆம்பியர்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு தோட்டத்தில் 7.5 எச்.பி. மோட்டார், 900 அடியில் இறக்கியது. மோட்டாரின் பெயர்ப் பிளேட்டில் 415 வோல்ட், 12.5 ஆம்பியர் என்று போட்டிருந்தது. வேலைக்குப் போன தம்பி ஸ்டார்ட்டரைப் போடும் முன் வோல்ட் பார்த்தான்: 420. ஓட்டிவிட்டு ஆம்பியர் பார்த்தான்: 15. மூன்று ஃபேஸ் என்பதால் 1.732ஆல் பெருக்கி, பவர் ஃபேக்டர் (இழுப்பதில் உண்மையான வாட்டாகும் பங்கு) 0.8 போட்டு, 8.7 கிலோவாட் என்று எழுதிக்கொண்டான். சூத்திரத்தில் குறையே சொல்ல முடியாது. "ஓவரா இழுக்குதுங்ணா, காயில் போச்சு" என்று முடிவு கட்டி, மோட்டாரை மேலே தூக்கி, வைண்டிங் கட்டி, திரும்ப இறக்கியாயிற்று.

ஆம்பியர் அதே 15. ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரிலேயின் குமிழை 13இலிருந்து 16க்குத் திருப்பிவிட்டு வண்டி ஏறிவிட்டான். கொஞ்ச நாளில் புதுக் காயிலும் கருகியது.

"ஏனுங்க தம்பி, போன மாசந்தானுங்களே கட்டுனது?" என்று தோட்டத்துக்காரர் கேட்டதில் என்ன தப்பு?

420 என்பது மோட்டார் கரண்ட் இழுக்காதபோது இருந்த வோல்ட். ஓடும்போது அதே பேனலில் 380தான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைன் 40 வோல்ட்டைத் தின்றுவிட்டது. அதோடு முடிந்ததா என்றால், இல்லை. போருக்குள் 900 அடிக்கு, அதாவது 274 மீட்டருக்கு, 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செப்புக் கேபிள் தொங்குகிறது. அந்தக் கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம், இந்த நீளத்துக்கு ஒரு கோருக்கு (உள்ளே இருக்கும் ஒரு கம்பிக்கு) 2 ஓம். 15 ஆம்பியர் ஓடினால் கோருக்கு 30 வோல்ட் இறங்கும், 1.732ஆல் பெருக்கினால் ஃபேஸுக்கு ஃபேஸ் 52. ஆக, கீழே மோட்டாருக்குக் கிடைப்பது தோராயமாக 328 வோல்ட். அதை வைத்துப் போட்டால் 6.8 கிலோவாட்தான் வரும்.

வோல்ட் போதாமல்தான் அந்த மோட்டார் தவித்தது. ஹீட்டர் பழக்கத்தில் யோசிப்பதால் இது பிடிபடுவதில்லை. 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் ஹீட்டருக்கு 190 கொடுத்தால் 682 வாட்டோடு சும்மா இருக்கும், ஆம்பியரும் குறையும். மோட்டார் அப்படி இருக்காது. ஏற்ற வேண்டிய தண்ணீரை ஏற்ற ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். காயிலில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும்: 12.5 ஓட வேண்டிய இடத்தில் 15 ஓடினால் 1.44 மடங்கு. அதைத் தடுக்க இருந்த ஒரே காவல்காரன் ரிலே. அவன் கையையும் கட்டிப்போட்டாயிற்று.

கேபிளில் மட்டும் வீணாவதைப் பாருங்கள். 15ஐ 15ஆல் பெருக்கி, 2 ஓமால் பெருக்கினால் 450. மூன்று கோருக்கு 1,350 வாட். ஏறக்குறைய 1.8 எச்.பி. போருக்குள் சூடாகப் போகிறது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்பதால் பில்லில் தெரியாது, தெரியாததை யாரும் தேடுவதும் இல்லை. 6 ஸ்கொயர் போட்டிருந்தால் அதே 15 ஆம்பியருக்கு 22 வோல்ட்தான் இறங்கும். விலை கூடத்தான். 900 அடிக் குழாயோடு மோட்டாரை ஒரு தடவை தூக்கி இறக்கும் கூலியையும், வைண்டிங் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். நிற்கும்போது பார்த்த வோல்ட்டையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லைன் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

1.732ஐ மறப்பது

மூன்று ஃபேஸில் ஓடும் 1 எச்.பி. தறி மோட்டார், 415 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 830. ஒரு எச்.பி. 746 வாட் என்பதால், பக்கத்தில் வந்துவிட்டதே என்று ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. பவர் ஃபேக்டர் 0.75 என்று வைத்துச் சரியாகப் போட்டால் 1,078 வாட். தறிக்கூடத்தில் இருபது தறி இருந்தால் வித்தியாசம் 5 கிலோவாட்டைத் தொடும்.

சப்ளை இருக்கும்போது ஓம் பார்ப்பது

கூடவே கூடாது. மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு மீட்டரை வையுங்கள்.