‘நிழல்’ என்னும் ஒரு சொல்: தமிழ் எழுத்தைக் கையால் வரையப் பழகும் முறை

அழைப்பிதழ், நூல் அட்டை, கடைப் பலகை என்று நாள்தோறும் தமிழில் வேலை செய்யும் வரைகலை வடிவமைப்பாளர் பலர், கணினியில் இருக்கும் ஐந்தாறு எழுத்துருக்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆங்கிலத் தலைப்புக்கு அமைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்து அனுப்பிய ஒரு சுவரொட்டி அச்சாகி வந்தபோது, மேல்வரியிலிருந்த ழகரத்தின் வால் கீழ்வரியின் மேல்விலங்கில் (கி, நி போன்ற எழுத்துகளின் மேலே வரும் வளைவில்) மோதி நின்றது. எழுத்தைத் தட்டச்சு செய்யத் தெரிந்திருந்த எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை என்பது அன்று புரிந்தது. எழுத்தை வரையத் தொடங்கியது அதன் பிறகுதான்.

முழு நெடுங்கணக்கையும் வரைந்துவிட வேண்டும் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ககர வரிசையிலேயே சலித்துவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ‘நிழல்’ என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மூன்றே எழுத்துகள்தாம், ஆனால் நகரத்துக்கும் ழகரத்துக்கும் கோட்டுக்குக் கீழே இறங்கும் வால்கள் உண்டு, முதலெழுத்தில் மேல்விலங்கு உண்டு, கடைசி எழுத்தில் சுழியும் புள்ளியும் உண்டு. தமிழ் எழுத்து ஒரு வடிவமைப்பாளருக்கு வைக்கும் முக்கியமான கேள்விகள் பலவும் இந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

முதல் ஒரு வாரம் வரையாமல் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். டிஜிட்டல் ஃபிளெக்ஸ் பரவிய பிறகு கையால் எழுதிய பலகைகள் குறைந்துவிட்டாலும், லாரிகளின் பின்பக்கத்திலும் பழைய கடைகளின் முகப்பிலும் சுவர் விளம்பரங்களிலும் தூரிகை எழுத்து இன்னும் கிடைக்கிறது. அவற்றைப் படமெடுப்பதோடு நின்றுவிடாமல், கோடு எங்கே தொடங்குகிறது, எழுதியவர் எங்கே தூரிகையை எடுத்து மறுபடி வைத்திருக்கிறார், வளைவில் எங்கே தடிக்கிறது என்பவற்றைக் குறிப்பேட்டில் சிறு அம்புக்குறிகளோடு வரைந்துவையுங்கள். பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குக் கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். தட்டைத் தூரிகையால் எழுதிய எழுத்தில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். எழுத்தின் தோற்றத்தை எழுதும் கருவி எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே உணரலாம்.

அடுத்து, கிராஃப் தாளில் 2பி பென்சிலால் எழுத்தின் எலும்புக்கூட்டை மட்டும், தடிமன் இல்லாத ஒற்றைக் கோடாக, 3 செ.மீ. உயரத்தில் இருபது முறையாவது வரையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மாற்றுங்கள்: ழகரத்தின் வாலை நீட்டலாம், லகரத்தின் சுழியை இறுக்கலாம், மேல்விலங்கைத் தாழ்த்தலாம். நகரத்தின் வாலும் ழகரத்தின் வாலும் அடுத்தடுத்து இறங்குவதால் அடியில் நெரிசல் ஏற்படுவதை விரைவில் காண்பீர்கள். நகர வாலைச் சுருக்கி, ழகர வாலை அதன் அடியில் தழுவிச் செல்லுமாறு விரித்தால் நெரிசல் தீர்வதோடு சொல்லுக்கு ஓர் அசைவும் கிடைக்கும். மேலே, மேல்விலங்கின் உச்சியையும் லகரப் புள்ளியையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். புள்ளி அதற்கும் மேலே போனால் சொல்லிலிருந்து விலகித் தனியே மிதப்பதுபோல் தோன்றும்.

தடிமன் கொடுப்பதற்கு விலை உயர்ந்த பேனா தேவையில்லை. இரண்டு பென்சில்களை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, அவற்றின் முனைகளை எப்போதும் ஒரே சாய்வில், ஏறத்தாழ 30 பாகையில், பிடித்துக்கொண்டு எழுதினால், இரு கோடுகளுக்கு நடுவே தடிப்பும் மெலிவும் தாமாகவே உருவாகும். கையைத் திருப்பிச் சாய்வை மாற்றிவிட்டால் எழுத்துகள் ஒரே குடும்பத்தவை போல் தோன்றமாட்டா. கிடைத்தவற்றுள் நல்ல வடிவத்தின்மேல், அடியிலுள்ள கோடு தெரியும் பட்டர் பேப்பரை வைத்துத் திருத்தி வரைந்து, அந்தத் திருத்தத்தின்மேல் இன்னொரு தாளை வைத்து மறுபடி திருத்துங்கள். நான்கைந்து தாள்கள் ஆன பிறகே எழுத்து நிலைபெறும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் கைவரும் என்பது என் எண்ணம். சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி ஒரே தடிமனில் வளைத்துச் செல்லப் பழகிய கைக்கு வளைவின் சமநிலை ஏற்கெனவே தெரியும்.

இறுதித் தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து, இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளிலோ இலவசமான இங்க்ஸ்கேப்பிலோ அந்தப் படத்தை மங்கலாக்கி, நகராதபடி பூட்டி, அதன்மேல் பென் டூல் என்னும் கோடு வரையும் கருவியால் வரையுங்கள். படத்தை மென்பொருளே கோடுகளாக மாற்றித்தரும் தானியங்கி டிரேஸைத் தவிர்த்துவிடுங்கள். அது கோட்டின் வடிவத்தைத் தாங்கும் புள்ளிகளைத் தேவைக்கு மேல் இட்டு வளைவைக் கரடாக்கிவிடும். ஒரு வட்டத்துக்கு நான்கு புள்ளிகள் போதும். அதே முறையில் ஒவ்வொரு வளைவும் மேல், கீழ், இடம், வலம் என்று உச்சம் தொடும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, அவற்றின் கைப்பிடிகளை (வளைவின் போக்கை மாற்ற ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நீளும் கோடுகளை) கிடையாகவோ செங்குத்தாகவோ நிறுத்துங்கள்.

பிறகு கண்ணுக்கான திருத்தங்கள். நகரத்தின் மேற்கோடு தட்டையானது, லகரத்தின் மேல்பகுதி வளைந்தது. அளவுகோலில் இரண்டும் ஒரே உயரமாக இருந்தால் லகரம் குட்டையாகத் தெரியும். எழுத்து 5 செ.மீ. உயரமானால் வளைவை ஏறக்குறைய 1 மி.மீ. உயர்த்துங்கள். ஒரே அளவான கோடுகளில் கிடைக்கோடு தடித்துத் தெரியும் என்பதால் அதைச் சற்று மெலியுங்கள். கோடுகள் சேரும் மூலைகளில் கருமை தேங்கும். அங்கும் சிறிது குறையுங்கள். எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெளியைச் சரிபார்க்கச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதே நல்ல வழி, ஏனெனில் அப்போது மனம் படிப்பதை விட்டுவிட்டு வெண்மையைப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளையில், 1 செ.மீ. உயரத்தில் அச்சிட்டுப் பார்த்து அது தெளிவாக நின்ற பிறகே வண்ணத்துக்குப் போகலாம்.

வரைந்த சொல்லை ஒரு துணிப்பையிலோ நண்பரின் கடைப் பலகையிலோ பயன்படுத்துங்கள். பத்துச் சொற்கள் இவ்வாறு பயன்பாட்டுக்கு வந்தபின் எழுத்துரு செய்யும் எண்ணம் எழக்கூடும். தமிழ் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு, புள்ளி போன்றவற்றை ஒருமுறை வரைந்தால் பல எழுத்துகளோடும் சேர்த்துக்கொள்ளலாம். உகர, ஊகார உயிர்மெய்கள்தாம் உண்மையான உழைப்பைக் கேட்பவை: கு, சு, டு, மு என்று வரிசைக்குள்ளேயே வடிவம் மாறுவதால் 18 மெய்களுக்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்களையும், அவற்றோடு டி, டீ ஆகியவற்றையும் தனியே வரைய வேண்டும். எப்படி அமைப்பது என்று அறிய, கட்டமரன் (Catamaran), முக்தா மலர் (Mukta Malar) போன்ற, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் திறந்த உரிம எழுத்துருக்களை ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் எழுத்துரு உருவாக்கும் மென்பொருளில் திறந்து பார்க்கலாம்; அவற்றை மாற்றி வெளியிடுவதானால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பழைய காலத்தைக் காட்டும் சுவரொட்டிக்கு எழுதும்போது, 1978-இல் தமிழக அரசு சீர்திருத்த வடிவங்களை ஏற்பதற்கு முன் லை, ளை, னை, ணை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடு எழுதப்பட்டன என்பதை மறவாமல், அந்த வடிவங்களையும் கையால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.