இறுதிச் சடங்குப் பணிக்குப் புதிதாக வருபவர் எழுத வேண்டிய பதிவேடு

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு உரிமமும் கிடையாது, கட்டாயப் பயிற்சியும் கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மேற்பார்வையாளரின் கீழ் பயிற்சி முடித்துக் கணக்குக் காட்டினால்தான் உரிமம். நம் பக்கம் கேட்பார் இல்லை என்பதாலேயே, அமரர் ஊர்தியும் ஃப்ரீசர் பெட்டியும் வைத்திருக்கும் ஒவ்வொரு கடையும் புதியவருக்குத் தனி நோட்டு போட்டுக் கொடுக்க வேண்டும்.

வேலைக்கு ஒரு வரி போதும்: வரிசை எண், தேதி, நேரம், ஊர், செய்த வேலை. அதன் பக்கத்தில் ‘பார்த்தது’, ‘கூட நின்றது’, ‘தானே செய்தது’ என்று மூன்றில் ஒன்று. மூத்தவர் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாகப் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. எந்த உடலுக்கு யார் நாடிக்கட்டு (வாய் திறக்காமல் தாடையைக் கட்டுவது) போட்டது என்று அதற்குள் மறந்திருக்கும். இறந்தவர் பெயர் இந்த நோட்டில் வேண்டாம், வரிசை எண்ணே போதும். பெயர் கடைப் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.

நோட்டின் முதல் பக்கம் தடுப்பூசிக்கு. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கிருமிநாசினியாகப் பயன்படுத்தும் குளோரின் கரைசல் 1 சதவீதம் இருக்க வேண்டும். 4 சதவீத ஹைப்போகுளோரைட் வாங்கினால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம். நேற்றுக் கரைத்தது இன்று வீரியம் குறைந்திருக்கும், தினமும் புதிதாகக் கரையுங்கள். ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும்.

உடலைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியது, எப்படி இறந்தார் என்பது. வயலில் பாம்புக்கடி, வாய்க்காலில் மூழ்கியது, பூச்சிமருந்து, விபத்து என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் விசாரித்து அனுமதிக்கும்வரை குளிப்பாட்டவோ துணி மாற்றவோ கூடாது. இவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் வரும் மரணங்கள். உறவினர் அவசரப்படுத்துவார்கள், பிரேதப் பரிசோதனை இல்லாமல் எரித்துவிட்டால் விபத்துக் காப்பீடு கேட்கும்போது அலையப் போவதும் அவர்கள்தான். இயற்கை மரணமானால், கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவரின் காரணச் சான்றை வாங்கிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைத்த கருவி) உண்டா என்றும் கேட்டு எழுதுங்கள். தகன மேடையில் அது வெடிக்கும். முன்கூட்டியே மருத்துவரைக் கொண்டு எடுக்கவைக்க வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது தேதியில். சனிக்கிழமை விடிகாலை 2 மணிக்கு இறந்தவரை வீட்டார் ‘வெள்ளி ராத்திரி போயிட்டாங்க’ என்பார்கள். நம் வழக்கில் விடிந்தால்தான் மறுநாள். இறப்புப் பதிவுக்கு நள்ளிரவு 12 மணிதான் கணக்கு. அதனால் 24 மணி நேர முறையில் 02.00 என்று எழுதி, கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். கடைப் பதிவேட்டில் பெயரை ஆதார் அட்டையைப் பார்த்து, இனிஷியலோடு, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழிலும் பட்டா மாறுதலிலும் நிற்கும்.

இடமும் முக்கியம். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு, சொந்த ஊரில் அல்ல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் இறந்த மன்னார்குடிக்காரரின் பதிவு தஞ்சாவூரில். ‘வீட்டுக்குக் கொண்டுபோங்க’ என்று அனுப்பிய நோயாளி வழியிலேயே, ஓடும் வண்டியில் இறந்தால், வண்டி அடுத்து முதலில் நிற்கும் இடமே இறந்த இடம். தகவல் சொல்லும் பொறுப்பு வண்டிக்குப் பொறுப்பானவருக்கு. டிரிப் ஷீட்டில் நின்ற ஊரையும் நேரத்தையும் எழுதாத ஓட்டுநரால் பின்னால் எதையும் சொல்ல முடியாது.

நகையை உடலிலிருந்து எடுப்பது வீட்டார் வேலை. நம் ஆள் எடுக்கவே கூடாது. தோடு, மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் என்று ஒவ்வொன்றாக, இரண்டு உறவினர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘தங்கச் செயின்’ என்று எழுதாதீர்கள். ‘மஞ்சள் நிற உலோகச் செயின் 1’ என்று எழுதுங்கள். தங்கமா கவரிங்கா என்று நமக்குத் தெரியாது. எழுதிவிட்டால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

ஃப்ரீசர் பெட்டியை உடல் வைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட விடுங்கள். பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் இணைக்கக் கூடாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுபவர்களுக்கு ஷாக் அடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் கம்ப்ரஸரை இழுக்காது, ஜெனரேட்டர்தான் வேண்டும். நான்கு மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள்.

அஸ்திப் பையில் மார்க்கர் எழுத்து அழிந்துபோகும். வரிசை எண் எழுதிய சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள்ளேயே வையுங்கள். வாங்கியவர் பெயர், உறவுமுறை, கையெழுத்து மூன்றும் பதிவேட்டில் இருக்கட்டும்.

இறப்பை 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.), நகரத்தில் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ. முப்பது நாள் வரை தாமதக் கட்டணத்தோடு, ஓராண்டு வரை அதிகாரியின் எழுத்து அனுமதியோடு, அதற்கும் மேல் நிர்வாக நடுவர் உத்தரவோடுதான் பதிவாகும். பல ஆண்டு கழித்து அந்த உத்தரவுக்கு ஆதாரம் தேடி வருபவர்கள் நம் கடைக்கும் வருவார்கள். ஆகவே பழைய பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள். பால்பாயின்ட் பேனாவிலேயே எழுதுங்கள், ஐப்பசி மழையில் ஜெல் மை ஊறிவிடும்.