விண்டலூ செய்வது எப்படி: வினிகரில் ஊறிய காரக் கறி

விண்டலூ என்றதும் கண்ணில் நீர் வரவைக்கும் காரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை இங்கிலாந்தின் கறி உணவகங்கள். ஆனால் இந்தக் கறிக்கு உயிர் வினிகரும் பூண்டும்தான். மிளகாய் அவற்றோடு சேர்ந்து வர வேண்டும், அமுக்கிவிடக் கூடாது. இது மனதில் இருந்தால் முதல்முறை சமைப்பவருக்கும் நன்றாகவே வரும்.

இறைச்சியை ஒயின் அல்லது வினிகரிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைப்பது போர்ச்சுகீசியர் பழக்கம். போர்ச்சுகலின் மதேரா தீவில் இன்றும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அதற்கு இடம் உண்டு. 1510இல் கோவாவைப் பிடித்த அவர்களோடு அந்தப் பழக்கமும் வந்தது. கோவா சமையலறைகளில் தென்னங்கள் வினிகர் கிடைத்தது. மிளகு, பட்டை, கிராம்பு, சீரகம் சேர்ந்தன. அமெரிக்கக் கண்டத்தின் மிளகாயைக் கொண்டுவந்ததும் போர்ச்சுகீசியர்தான். பிற்பாடு ஆங்கிலேயர்கள் கோவா கிறிஸ்தவச் சமையல்காரர்களை விரும்பி வேலைக்கு வைத்தார்கள். பன்றியோ மாடோ, எதைச் சமைக்கவும் அவர்களுக்குத் தடையில்லை. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ரயில்வே குடியிருப்புகளிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு கிறிஸ்துமஸ் என்றால் பன்றி விண்டலூவும் வேண்டும்.

தேவையானவை

கொழுப்போடு கூடிய பன்றி இறைச்சி 1 கிலோ, காஷ்மீர் மிளகாய் 12, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு 10, கிராம்பு 4, ஒரு விரல் நீளப் பட்டை, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பூண்டு 12 பல், இஞ்சி ஒரு துண்டு, வினிகர் அரை கப், பெரிய வெங்காயம் 2, சர்க்கரை 1 தேக்கரண்டி, எண்ணெய், உப்பு.

தென்னங்கள் வினிகர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இலங்கையிலும் தென்னை வினாகிரி நன்றாகவே கிடைக்கும். கடையில் விற்கும் செயற்கை வெள்ளை வினிகர் நாக்கில் சுருக்கென்று குத்தும். வேறு வழியில்லை என்றால் கால் கப் வினிகரில் கால் கப் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

முதல் நாள்

1. மிளகாயின் விதையை உதறிவிட்டு, வினிகரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

2. சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, மஞ்சள்தூள், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் அந்த மிளகாயோடு சேர்த்து, ஊறிய வினிகரையே விட்டு மைய அரையுங்கள். தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

3. இறைச்சியைச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பும் விழுதும் பிசறி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். இந்த ஊறலைச் சுருக்கி அதே நாளில் சமைத்தால் கறி ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம் என்று நிற்கும்.

மறுநாள்

4. கனமான பாத்திரத்தில் எண்ணெய் காயவைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பொறுமையாகச் சிவக்க வதக்குங்கள். குழம்புக்கு நிறமும் லேசான இனிப்பும் இதிலிருந்துதான் வரும்.

5. இறைச்சியைப் போட்டு, பச்சை வாடை போகும்வரை கிளறுங்கள். பிறகு விழுது இருந்த பாத்திரத்தைக் கொஞ்சம் வெந்நீரில் அலசி ஊற்றி, மூடிச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் குழம்பு நீர்த்துப்போகும்.

6. இறைச்சி மெத்தென்று வெந்து, எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் சர்க்கரை சேருங்கள். புளிப்பைச் சமன் செய்ய அது போதும்.

சரி, உடனே பரிமாறலாமா? பரிமாறலாம். ஆனால் ஒரு நாள் கழித்துச் சூடாக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சுவை இன்னும் நன்றாக இருக்கும். கோவாவில் இதற்குத் துணை சன்னா என்ற அரிசி இட்லி. ரொட்டியும் வெறும் சோறும்கூடப் பொருந்தும்.

ஊருக்கு ஊர்

கோவா விண்டலூவில் உருளைக்கிழங்கு கிடையாது. அதைப் போடுவது பிரிட்டன் உணவகங்களின் வழக்கம். அங்கே தக்காளியும் சேரும், வினிகர் குறையும், மிளகாய் கூடும். 'மெட்ராஸ்' என்று விற்கும் கறியைவிட ஒரு படி அதிகக் காரம் என்பதே அங்கே அதன் அடையாளம். அதைச் சாப்பிட்டுவிட்டு விண்டலூ இவ்வளவுதான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மதேராவிலிருந்து தென் அமெரிக்காவின் கயானாவுக்குக் குடியேறியவர்களிடம் அதே போர்ச்சுகீசிய வேர் வேறு விதமாகத் தழைத்தது: பூண்டும் வினிகரும் ஊறிய பன்றியை கிறிஸ்துமஸ் காலையில் அங்கே பொரித்துச் சாப்பிடுகிறார்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் ஆட்டிறைச்சியிலும் வாத்திலும் இதே முறையில் செய்யலாம். கோழி என்றால் ஊறல் மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் சதை மாவாகிவிடும்.