சென்னையின் எஃப்சி ஜெர்சி ஏன் கடையில் இல்லை: விளையாட்டுக் கடை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் புதிதாக விளையாட்டுப் பொருள் கடை திறந்திருக்கும் ஒரு தம்பி போன மாதம் போன் செய்தார். "அண்ணே, தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டைன்னு சுத்திட்டேன். சென்னையின் எஃப்சி ஜெர்சி எங்கயும் இல்லை. யாருமே விக்காததை நாம வித்தா நமக்குத்தானே லாபம்? நூறு பீஸ் எடுக்கலாம்னு இருக்கேன்."

சென்னையின் எஃப்சி என்பது சென்னையைச் சேர்ந்த கால்பந்து அணி. தம்பி சொன்னதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. 2018ல் நான் என் மனைவியிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அன்று என்னைத் தடுக்க இந்தத் தொழில் தெரிந்த ஆள் யாரும் பக்கத்தில் இல்லை.

பட்டுக்கோட்டையில் 16 வருடமாகக் கடை நடத்துகிறேன். கடைக்கு இடம் பார்ப்பது, கடன் பில் போடாமல் இருப்பது, டெலிவரி எடுக்கும்போது எண்ணிப் பார்ப்பது இதெல்லாம் உங்கள் அப்பாவே சொல்லிவிடுவார். நான் கால்பந்து கிளப் ஜெர்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடையில் இல்லாததைக் காலியிடம் என்று நினைப்பது

ஒரு பொருள் கடையில் இல்லை என்றால் விற்றுத் தீர்ந்திருக்கலாம், அல்லது யாரும் வாங்கியே வைக்காமல் இருக்கலாம். தடுமாறும் அணியின் ஜெர்சி பெரும்பாலும் இரண்டாவது வகை. ஒரு சீசனுக்கு எத்தனை ஜெர்சி தைப்பது என்று தொடர் தொடங்கப் பல மாதம் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கைவசம் இருக்கும் ஆதாரம் போன சீசனின் விற்பனைதான். அணி தோற்ற வருடத்துக்கு அடுத்த வருடம் குறைவாகத் தைப்பார்கள். தைத்த கொஞ்சமும் இணைய விற்பனைக்கும் மைதானத்துக்கும் சென்னைக்குமே சரியாகப் போய்விடும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. சரக்கு விஷயத்திலும் நாம் கடைமடைதான்.

2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் 13 அணிகளில் சென்னையின் எஃப்சி 11ஆவது இடம். அடுத்த சீசனுக்கான ஆர்டரைப் பேசவேண்டிய நேரத்தில், 2025 ஜூலையில், தொடரையே நிறுத்தி வைக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. தொடரை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை. ஆட்டம் எப்போது தொடங்கும் என்றே தெரியாத தொடருக்கு எந்தக் கடைக்காரர் முன்பணம் கட்டுவார்?

கோப்பை வாங்கிய மறுநாள் சரக்கு வாங்குவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. எதிரணியான பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்டதும் கடைக்குள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே அடங்கிப் போனார்கள். அப்புறம் நம் அணியின் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2. 2015க்குப் பிறகு இரண்டாவது கோப்பை. தெருவில் பட்டாசு வெடித்தோம். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் மறுநாள் காலையிலேயே வந்து ஜெர்சி கேட்டார்கள். ஒரே நாளில் பன்னிரண்டு, பதிமூன்று பேர். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அன்று மதியமே சென்னையில் இருந்த ஒரு டீலருக்குப் போன் போட்டேன். 144 பீஸ், அடக்கம் 450 ரூபாய் வீதம் 64,800 ரூபாய். ரிட்டர்ன் கிடையாது என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் கடைசியில் பார்சல் ஆபீசிலிருந்து மூட்டை வந்தது.

அந்த மூட்டையைப் பிரிக்கும்போதே அது பழைய சரக்கு. எனக்குத்தான் அது புரியவில்லை. தொடர் மார்ச்சில் முடிந்துவிட்டது, அடுத்த தொடர் செப்டம்பர் கடைசியில்தான். நடுவில் ஆறு மாதம் இந்த அணியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. போதாததற்கு ஜூன், ஜூலையில் ரஷ்யாவில் உலகக் கோப்பை நடந்தது. பையன்களின் காசு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனது. செப்டம்பருக்குள் 41 ஜெர்சி விற்றேன். அதிலும் பாதி, கடைக்குத் தினமும் வந்துபோகும் பையன்கள் எனக்காக வாங்கியது.

சீசன் தொடங்கியதும் அணி புது வடிவ ஜெர்சியில் இறங்கியது. ஒவ்வொரு சீசனுக்கும் ஜெர்சி மாறும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் மார்ச் மாதம் ஆர்டர் போட்டபோது, இந்த ஜெர்சிக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று யோசிக்கவே இல்லை. கோப்பையைத் தூக்கிய கேப்டன் என்ரிக் செரேனோவும் கிளம்பிவிட்டார். அதன் பிறகு நடந்ததைக் கால்பந்து பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. நடப்புச் சாம்பியன் 10 அணிகளில் பத்தாவது இடம்.

நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. வருடம் முழுக்க வீட்டுக்குக் காசு கொண்டுவந்த மரங்கள் அவை. அதற்கப்புறம் யாரிடம் போய் ஜெர்சி விற்க? அதுவரை மேலும் 17 போயிருந்தது. முகாமில் மாற்றுத்துணி இல்லாமல் இருந்த பையன்களுக்கு 40 கொடுத்தேன். அந்த 40ஐ நான் நஷ்டத்தில் எழுதவில்லை. மிச்சம் 46ஐ 150 ரூபாய்க்குத் தள்ள இரண்டு வருடம் ஆனது.

இதில் பாடம் "தோற்கிற அணியை வாங்காதே" என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் தவறாகவே போனது. 2019-20ல் நான் ஒரு ஜெர்சிகூட எடுக்கவில்லை. முந்தின வருடம் கடைசி இடத்தில் இருந்த அதே அணி இறுதிப் போட்டி வரை போனது. பையன்கள் கேட்டார்கள், கையில் இல்லை. 2020 மார்ச் 14ல் கோவாவில் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். அந்த மாதமே ஊரடங்கு வந்தது.

சரக்கு எப்போதும் ஆட்டத்துக்கு ஒரு சீசன் பின்னால் வருகிறது. புள்ளிப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர், ஜெயித்த வருடச் சரக்கைத் தோற்ற வருடம் விற்றுக்கொண்டிருப்பார். ஜெயிக்கிற வருடம் அவர் கடை காலியாக இருக்கும். எடுப்பதாக இருந்தால் தொடர் தொடங்கும் முன், புது ஜெர்சி வந்த முதல் வாரத்தில், பத்துப் பன்னிரண்டு பீஸ் எடுங்கள். அணி போன வருடம் எந்த இடத்தில் முடித்தது என்று பார்க்கவே வேண்டாம்.

எத்தனை முறை சொன்னாலும் இது நடக்கிறது. 2022 டிசம்பர் 18 இரவு அர்ஜென்டினா உலகக் கோப்பையை ஜெயித்தது. அந்த வாரமே நம் பக்கத்தில் ஒரு புதுக் கடைக்காரர் 200 அர்ஜென்டினா ஜெர்சி வாங்கி இறக்கினார். எல்லாவற்றிலும் சின்னத்துக்கு மேல் இரண்டு நட்சத்திரம். மூன்றாவது கோப்பை வந்ததும் புது ஜெர்சியில் மூன்று நட்சத்திரம் ஏறிவிட்டது. பத்தாவது படிக்கும் பையன்கூட ஹேங்கரில் இருந்து எடுத்து நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுகிறான். அந்தக் கடையில் போய் நின்று பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே.

முதுகில் பெயர் அச்சடித்து வாங்கி வைப்பது

வீரர் அணி மாறினால் அந்த ஜெர்சி தரை துடைக்கத்தான்.

மான்செஸ்டர் யுனைடெட்டை அளவுகோலாக வைப்பது

"யுனைடெட்கூடத்தான் தோற்குது, அது விக்குதே" என்று மன்னார்குடித் தம்பியும் கேட்டார். உண்மைதான். 2024-25 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் யுனைடெட் 15ஆவது இடம். அவர்கள் கடைசியாக லீக் வென்றது 2012-13ல். ஆனாலும் என் கடையில் சிவப்பு ஜெர்சி மாதம் நான்கைந்து போகிறது. வளைகுடாவில் இருந்து வந்த மாமா 2008ல் வாங்கிக் கொடுத்த ஜெர்சியைப் போட்டு வளர்ந்தவர், இன்று தன் மகனுக்கு வாங்குகிறார். அந்தத் தேவைக்கு இந்த வாரத்து ஸ்கோர் ஒரு பொருட்டே இல்லை. அடிடாஸ் நிறுவனம் அவர்களோடு 2035 வரை ஒப்பந்தம் போட்டிருக்கிறது, குறைந்தது 90 கோடி பவுண்டு. நடுவில் நான்கு வருடம் மோசமாகப் போனாலும் தாங்கும் கணக்கு அது. 2014ல் பிறந்த சென்னையின் எஃப்சிக்கு அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த ரசிகர் கூட்டம் இன்னும் உருவாகவில்லை. உருவாகட்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரை யுனைடெட் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

சைஸ் செட்டை அப்படியே எடுப்பது

மொத்தக் கடையில் ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று ஆறு பீஸ் செட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். நான் எடுத்தது அப்படி 24 செட். நம் ஊரில் கிளப் ஜெர்சி கேட்பது 12 முதல் 17 வயதுப் பையன்கள். அவர்களுக்கு ஸ்மாலே தொளதொளவென்று இருக்கும். கடைசியில் மிஞ்சிய 46ல் 38 லார்ஜும் எக்ஸ்எல்லும். செட்டைப் பிரித்துத் தருவீர்களா என்று கேளுங்கள், பீஸுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

சின்னம் போட்ட போலி ஜெர்சி

வேண்டாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

கேட்டவரையெல்லாம் வாங்குபவராக எண்ணுவது

கேட்பது இலவசம். 2018 மார்ச்சில் அந்த ஒரு நாள் கேட்ட பன்னிரண்டு, பதிமூன்று பேரில் ஜெர்சி வந்த பிறகு வாங்கியது நான்கு பேர். மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியில் அவர்கள் கையில் காசு இல்லை. நம் ஊரில் குறுவை அறுப்பு முடியும் புரட்டாசி, ஐப்பசியிலும் சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியிலும்தான் பிள்ளைக்கு 600, 700 ரூபாய் எடுத்துக் கொடுக்க வீட்டில் மனம் வரும்.

கடையை ஓட்டுவது வேறு சரக்கு. பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் நடக்கும் எழுவர் கால்பந்து, மின்னொளிப் போட்டிகளுக்கு ஊர்ப் பெயர் போட்டுத் தைக்கும் ஜெர்சிகள். பாலியஸ்டர் துணியில் சூடு வைத்துச் சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு, திருப்பூரில் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஒரு அணிக்குப் பத்துப் பன்னிரண்டு ஜெர்சி மொத்தமாகப் போகும், பாதிப் பணம் முன்கூட்டியே வந்துவிடும். சென்னையின் எஃப்சியை நான் நேசிக்கிறேன், அதை விற்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் இந்த வருமானம் இருப்பதால்தான் என்னால் அதை விற்க முடிகிறது.

இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சென்னையின் ஜெர்சி கேட்டு வருபவரிடம் பெயர், சைஸ், 200 ரூபாய் முன்பணம். பன்னிரண்டு பெயர் சேர்ந்ததும் ஆர்டர். சேராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போன மூன்று சீசனில் இரண்டு முறை சேர்ந்தது.

மன்னார்குடித் தம்பியிடமும் நூறு பீஸை விட்டுவிட்டு ஒரு நோட்டு போடச் சொன்னேன். முந்தாநாள் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஏழு பெயர். ஐந்து பேர் ஸ்மால்.