குதிரைக்கு வயிற்றோட்டம் என்றால் முதலில் தண்ணீர் வாளியைத் தூக்காதீர்கள்

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாவில் குதிரை பிடிக்கப் புதிதாக நிறையப் பொடியன்கள் வருகிறார்கள். ஆசையோடு வருகிறார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் குதிரைக்கு வயிறு இளகிவிட்டால் போதும், எல்லாரும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பூஞ்சணம் பிடித்த புல்லைப் போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை நிறுத்துவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். கிரகரி வாவிப் பக்கம் ஒரு மட்டக்குதிரை காலையிலிருந்தே தண்ணியாகப் போய்க்கொண்டிருந்தது, வாலெல்லாம் நனைந்திருந்தது, அதன் மேல் பிள்ளைகளை ஏற்றிச் சவாரியும் நடந்துகொண்டிருந்தது. "தம்பி, வாளி எங்கே?" என்று கேட்டேன். "தண்ணி காட்ட வேணாம்னு முதலாளி சொன்னாருங்க அண்ணே, குடிச்சா இன்னும் போகுமாம்" என்றான். பின்னேரம் பார்த்தால் ஈறு செங்கல் நிறத்துக்கு மாறி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. மிருக வைத்தியர் வந்து இரவு முழுக்கச் சேலைன் ஏற்றித்தான் அது பிழைத்தது. சீசனில் உழைத்த காசெல்லாம் அந்தச் சேலைனுக்கே போய்விட்டது.

குடிப்பதால் வயிற்றோட்டம் கூடுவதில்லை. குதிரைக்குப் பெருங்குடல்தான் தண்ணீர்த் தொட்டி மாதிரி, சாப்பாட்டில் உள்ள தண்ணீரை உடம்புக்குத் திருப்பி எடுப்பது அதுதான். அதன் உட்சுவர் அழன்றுபோனால் எடுக்க முடியாமல் போகும், அதோடு இரத்தத்தில் உள்ள தண்ணீரும் உப்பும் குடலுக்குள் கசியத் தொடங்கும். நீங்கள் வாளியைத் தூக்கினாலும் அது நிற்காது. நோய் கடுமையானால் ஒரே நாளில் பத்துக்கணக்கான லீற்றர் போய்விடும், ஈடுகட்டாவிட்டால் இரத்த ஓட்டமும் சிறுநீரகமும்தான் அடிவாங்கும்.

ஆகவே இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் 10 லீற்றருக்கு 60 கிராம் அளவில் கறியுப்பு. எது வேண்டும் என்று குதிரையே பார்த்துக்கொள்ளும், ஆனால் வெறும் தண்ணீர் வாளியை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். நம்ம குளிரில் விடியற்காலைத் தண்ணீர் பல்லைக் கூசும், பல குதிரைகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும், கொஞ்சம் வெந்நீர் கலந்து இளஞ்சூடாக வைத்தால் குடிக்கும். வயிற்றோட்டத்துக்கு நாம் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனியில் ஒரு பக்கற்றைக் கரைத்து ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள், அது மனிதருக்கு ஒரு லீற்றருக்கான அளவு. குடிக்க மறுக்கிற குதிரைக்குப் போத்தலால் வாயில் ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.

கையிலிருக்கிற அன்டிபயோட்டிக்கைக் கொடுப்பது

மாட்டுக்கு வாங்கி மிஞ்சியது, பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்தது, எதுவும் வேண்டாம். குதிரை புல்லைச் செரிப்பதே பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களை வைத்துத்தான், மருந்து அவற்றையும் கொன்றால் கெட்ட கிருமி பெருகி, சாதாரண இளக்கம் உயிரை வாங்கும் குடல் அழற்சியாக மாறிவிடும். லின்கோமைசின், கிளிண்டாமைசின் இரண்டும் குதிரைக்கு விசேஷமாக ஆபத்தானவை.

பேதியைக் கட்டும் மாத்திரை

வைத்தியர் சொல்லாமல் வேண்டாம்.

கோவா (முட்டைக்கோஸ்) இலையும் திடீர்த் தீவன மாற்றமும்

மரக்கறித் தோட்டத்துக் கழிவு சும்மா கிடைக்கிறது என்று கூடை கூடையாகக் கொட்டாதீர்கள். கோவா வயிற்றில் வாயுவைக் கிளப்பும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. புல்லோ கொள்ளோ தவிடோ, எதை மாற்றினாலும் 7 முதல் 10 நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கோழித் தீவனம்

தொடவே வேண்டாம். அதில் மொனென்சின் கலந்திருக்கலாம், கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைத் தாக்கும் விஷம்.

விடியட்டும் பார்ப்போம் என்பது

ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினாலோ, உடம்புச் சூடு 38.5 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலோ, ஈறை விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுத்தாலோ, இரவானாலும் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். குளம்பையும் தொட்டுப் பாருங்கள், குடலில் ஏறும் நஞ்சு பாதத்தையும் பிடிக்கும், குளம்பு சுட்டால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்த வாளியை வேறு குதிரைக்கு வைக்காதீர்கள். சல்மொனெல்லா என்ற குடல் கிருமியாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.