முதன்முதலாகச் சொந்த வீட்டில் கிறிஸ்துமஸா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணமாகி, வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்துவிட்ட பிள்ளைகள், "இந்த வருஷம் ஊருக்குப் போகலை, நம்ம வீட்டிலேயே கிறிஸ்துமஸ்" என்று முடிவெடுப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷம். எங்கள் சபையில் ஒவ்வொரு வருஷமும் அப்படிச் சில ஜோடிகள் இருப்பார்கள். டிசம்பர் பாதி தாண்டியதும் போன் வரத் தொடங்கும். அவர்கள் கேட்பதைக் கேட்கும்போது, நாங்கள் விழுந்த அதே குழியில்தான் இவர்களும் விழுகிறார்கள் என்று தெரியும். சீரியல் விளக்கு பாதியில் அணைந்தது, கேக் நடுவில் அமுங்கியது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. அவை தானாகச் சரியாகும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

## அம்மா வீட்டுப் பட்டியலை அப்படியே இறக்குவது

நாகர்கோவில் பக்கத்துப் பையன், திருச்சிப் பக்கத்துப் பெண். அவன் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), அவள் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்). இரண்டு பேரும் உட்கார்ந்து, சின்ன வயசில் கிறிஸ்துமஸுக்கு என்னவெல்லாம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதினார்கள். அவன் பக்கம் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேரல் பாடி வருகிறவர்களுக்கு ராத்திரி டீ, அதிகாலை ஆராதனை, காலையில் ஆப்பமும் ஆட்டுக்கறியும். அவள் பக்கம் அதிரசம், முறுக்கு, குடில் (இயேசு பிறந்த தொழுவத்தின் சின்ன வடிவம்), நள்ளிரவுத் திருப்பலி (கத்தோலிக்கர்களின் ஆராதனை), மதியம் பிரியாணி. எதையும் விட மனசில்லாமல், எல்லாவற்றையும் செய்வது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

23ஆம் தேதி மத்தியானம் அந்தப் பெண்ணின் போன். "அக்கா, கொத்து பிடிக்கவே வரலை, உதிர்ந்து உதிர்ந்து போகுது." குரலில் அழுகை. போய்ப் பார்த்தால், வறுத்துத் திரித்த பயற்று மாவும் எள்ளும் தேங்காயும் பாகோடு சேர்ந்து அண்டா நிறைய ஆறிக் கிடக்கின்றன. பாகில் குறை இல்லை, ஏலமும் சுக்கும் மணந்தன. ஆனால் அந்தக் கலவையைச் சூடு பொறுக்கப் பொறுக்க உருட்டிவிட வேண்டும். ஊரில் பாட்டி பாகை ஊற்றிக் கிளறியதும் பெரியம்மா, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மளமளவென்று உருட்டித் தள்ளுவார்கள். பிறகு ஒருவர் மும்மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கிக் கொடுக்க, இன்னொருவர் பொரிப்பார். நாலைந்து பேர் கூடுகிற வீட்டுக்கான பலகாரம் அது. ஒருத்தி தனியாக இரண்டு படி மாவோடு உட்கார்ந்தால், பாதியை உருட்டுவதற்குள் மீதி ஆறி உதிர்ந்துவிடும். அதிரசமும் அப்படித்தான். ஒருவர் தட்டிப் போட, ஒருவர் திருப்ப, இன்னொருவர் அழுத்தி எண்ணெய் வடிக்க வேண்டும்.

எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இங்கேதான். சின்ன வயசுக் கிறிஸ்துமஸ் ஞாபகம் முழுக்க, அன்றைக்கு ஒரு வேலையும் செய்யாதிருந்த ஒரு பிள்ளையின் ஞாபகம். எட்டு வயசில் நமக்குத் தெரிந்ததெல்லாம் டின் நிறைய முறுக்கும் புதுத்துணி வாசனையும்தான். அடுப்படிப் புகையில் நாள் கணக்காக நின்ற கால்கள் யாருடையவை என்று யார் கவனித்தோம்? வளர்ந்த பிறகு அதையே அளவுகோலாக்கி, "எங்க வீட்ல எங்கம்மா இத்தனையும் செய்வாங்க" என்று சொல்வது அநியாயம். அம்மாவுக்கு உதவ ஒரு கூட்டமே இருந்தது. இல்லாமல் அம்மா தனியாளாகச் செய்திருந்தால், அதை நினைத்து வருத்தப்பட வேண்டுமே தவிர, மனைவியிடம் அதையே எதிர்பார்க்கக் கூடாது. இப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் ஆணாகவும், செய்கிறவர் பெண்ணாகவும் இருப்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

24ஆம் தேதி ராத்திரி அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். திருப்பலிக்கும் போகவில்லை, ஆராதனைக்கும் போகவில்லை. வாங்கிய எண்ணெயும் முந்திரிப்பருப்பும் நெய்யும் ஒரு மாதச் சாமான் செலவை விழுங்கியிருந்தன. பொங்கலுக்குள் பாதிப் பலகாரம் சிக்கு வாடை அடித்துக் குப்பைக்குப் போனது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வருஷம் அவர்கள், "வேண்டாம்க்கா, ஊருக்கே போயிடறோம்" என்றார்கள். சொந்த வீட்டில் கொண்டாடும் ஆசையே போய்விட்டது.

அதனால் அவரவர் பக்கத்திலிருந்து ஒரு பலகாரம், ஒரு பழக்கம் மட்டும் எடுங்கள். வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றனவோ அதற்கேற்ற பலகாரமாக இருக்கட்டும். இரண்டு பேர் வீட்டுக்கு அச்சுமுறுக்கு நல்லது. ஒருவரே நின்று நிதானமாகச் சுடலாம். புது அச்சை முதல் நாளே எண்ணெயில் ஊறப் போடுங்கள். சுடும்போது அச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்குங்கள். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கலகலா. மாவைத் தேய்த்துக் கொடுத்தால் அவர்களே வெட்டுவார்கள், கோணல்மாணலாக இருந்தால் என்ன? முந்திரிக்கொத்து இல்லாமல் மனசு கேட்காது என்றால், ஒரு சனிக்கிழமை இன்னும் இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டு, ஆண்களையும் உட்கார வைத்து உருட்டுங்கள். எங்கள் சபையில் சிலர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சனிக்கிழமைதான் கிறிஸ்துமஸின் தொடக்கம்.

ஆராதனை விஷயத்திலும் இப்படித்தான். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, மறுபடி விடியற்காலை ஆராதனைக்கு ஓடி, அப்புறம் சமைப்பதை எந்த உடம்பும் தாங்காது. ஒரு வருஷம் அவள் கோவில், மறு வருஷம் அவன் கோவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நவம்பரிலேயே இரண்டு பக்கத்துப் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். 24ஆம் தேதி சொன்னால் சண்டைதான் வரும்.

## மார்கழியை மறப்பது

கிறிஸ்துமஸ் மார்கழியில்தான் வருகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் மண்டல விரதமும் கார்த்திகை முதல் தேதி தொடங்கி 41 நாள். அதனால் நாம் பலகாரத் தட்டோடு கதவைத் தட்டுகிற நேரத்தில் பக்கத்து வீட்டில் யாரோ ஒருவர் விரதத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கேக்கில் முட்டை உண்டு. அச்சுமுறுக்கு மாவிலும் நம்மில் பலர் முட்டை சேர்க்கிறோம். அவர்கள் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு, சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார்கள்.

பக்கத்து வீட்டுத் தட்டுக்கானதை, புது எண்ணெய் ஊற்றி முதலில் சுட்டுவிடுங்கள். முட்டை சேர்த்தவை அதற்குப் பிறகு. தட்டில் முறுக்கும் வாழைப்பழமும் ஆரஞ்சும் போதும். கொடுக்கும்போதே "இதில் முட்டை இல்லீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தீபாவளிக்கு நமக்குக் கொடுத்தவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பது என்ற கணக்கும் வேண்டாம். வாட்ச்மேனுக்கும் குப்பை எடுக்க வருகிற அம்மாவுக்கும் முதல் தட்டு போகட்டும்.

## குடிலைக் காசு கொடுத்துப் பெரிதாக்குவது

பெரிய சொரூப செட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைத் "தொடாதே" என்று விரட்டுகிற வீடுகள் உண்டு. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும், உயிருள்ள ஒரு மாடும், ஒரு கழுதையும்தான். மலையும் புல்லும் நம் கையால் செய்வதுதான் அழகு. கம்பையோ நெல்லையோ ஒரு ராத்திரி ஊற வைத்து, டிசம்பர் 15 வாக்கில் கொட்டாங்கச்சியில் மண் போட்டு விதையுங்கள். 24ஆம் தேதிக்குள் பச்சைப் பசேலென்று நிற்கும். தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் வேலை. 22ஆம் தேதி நினைவு வந்தால் கடையில் பிளாஸ்டிக் புல்தான்.

## குழந்தை இயேசு

24ஆம் தேதி இரவுக்கு முன்னால் குடிலில் வைக்காதீர்கள்.

## நட்சத்திரம்

வாங்காமல் ஒரு தடவையாவது கட்டுங்கள். பத்து நீள மூங்கில் குச்சி, ஐந்து குட்டைக் குச்சி, கலர் பேப்பர், மைதாப் பசை. பழைய குண்டு பல்பு வேண்டாம், பேப்பர் கருகும், எல்இடி போடுங்கள்.

## பிளம் கேக்

பழத்தை ரம்மில் ஊற வைப்பவர்கள் நவம்பரிலேயே வையுங்கள். ஆரஞ்சுச் சாறு என்றால் ஓரிரண்டு நாள் போதும், அதுவும் ஃபிரிட்ஜில். மாதக்கணக்கில் வைத்தால் புளித்துக் கெட்டுவிடும்.

## கேரல் ரவுண்ட்ஸ்

நடுராத்திரியில் டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வருவார்கள் என்று செக்யூரிட்டியிடமும், மேல் வீடு கீழ் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

## ரயில் டிக்கெட்

ஊருக்குப் போவதென்றால் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. அதாவது அக்டோபர் கடைசி.

## எல்லாவற்றையும் 26ஆம் தேதியே கழற்றுவது

ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் வரை கிறிஸ்துமஸ் காலம்தான். ராஜாக்களை முதல் நாளே குடிலுக்குள் நிறுத்தாமல், ஹாலின் மறு மூலையில் வையுங்கள். தினமும் ராத்திரி ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் ஒரு சாண் நகர்த்தட்டும். காசு செலவில்லாத பழக்கம். எங்கள் பேரப்பிள்ளைகள் மற்ற எதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

## அளவை எழுதி வைக்காமல் விடுவது

அம்மாவிடம் செய்முறை கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். போனில் கேட்டு எழுதிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. நவம்பரில் ஒரு தடவை நேரில் போய், அவர்கள் கையால் அள்ளிப் போடுவதை எல்லாம் தராசில் வைத்துக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். பாகுப் பதத்தை மட்டும் வீடியோ எடுங்கள்; இரண்டு விரலுக்கு நடுவே கம்பி இழுக்கிற அந்தக் கணம் எழுத்தில் பிடிபடாது.