வீட்டு அலுவலகச் செலவும் அமெரிக்க மாநில வரிக்கணக்கும்

அமெரிக்காவில் வீட்டிலிருந்து வேலை செய்பவர், வரிக்கணக்கு எழுத உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது தமது வருமானம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத்தான். நிறுவனம் தரும் ஆண்டு ஊதியச் சான்றான டபிள்யூ-2 பெறும் ஊழியருக்கு, ஃபெடரல் (மத்திய அரசின்) கணக்கில் வீட்டு அலுவலகக் கழிவு, அதாவது அச்செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. 2018 முதல் 2025 வரை என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்த அச்சலுகையை 2025இல் இயற்றப்பட்ட சட்டம் நிரந்தரமாகவே நீக்கிவிட்டது. ஆயினும் கலிஃபோர்னியா, நியூயார்க், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள், நிறுவனம் திருப்பித் தராத பணிச்செலவுகளைத் தம் வரிக்கணக்கில் இன்றும் ஏற்கின்றன. டெக்சஸிலோ வாஷிங்டனிலோ வசிப்பவருக்கு ஊதியத்தின்மீது மாநில வரியே இல்லாததால் இந்தக் கேள்வியே எழாது.

சொந்தத் தொழில் செய்வோர் நிலை எளிது. தொழிலின் லாபநட்டத்தைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தை நிரப்பும்போதே, உண்மைச் செலவைப் படிவம் 8829 வழியாகவோ, சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரையிலான எளிய முறையிலோ கழித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்கள் ஃபெடரல் வருமானத் தொகையிலிருந்தே தொடங்குவதால், அக்கழிவு தானாகவே மாநிலக் கணக்கிலும் வந்துவிடும். பென்சில்வேனியா அப்படித் தொடங்குவதில்லை. அங்கே தொழில் லாபத்தை அம்மாநில விதிப்படி தனியே கணக்கிட வேண்டும்.

ஊழியர்தான் கவனமாக இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் ஊழியரின் பணிச்செலவுக்கான படிவமான ஷெட்யூல் யூஇ மூன்று கேள்விகளைக் கேட்கிறது: வீட்டில் பணியிடம் வைத்துக்கொள்ளுமாறு நிறுவனம் கோருகிறதா, உங்கள் வேலை முதன்மையாக அங்கேதான் நடக்கிறதா, அந்த இடம் தொடர்ந்தும் வேலைக்கென்று மட்டுமே பயன்படுகிறதா. மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவர் மேலே படிக்க வேண்டியதில்லை. பலரும் சறுக்குவது மூன்றாவதில்தான். பகலில் மடிக்கணினியும் மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் ஏறும் சாப்பாட்டு மேசை அலுவலகம் ஆகாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 சதுர அடி வாடகை வீட்டில் 120 சதுர அடி அறை என்றால் பங்கு 12 சதவீதம். ஆண்டு வாடகை 28,800 டாலர், மின்சாரம் முதலியன 2,400 டாலர் என்றால், அலுவலகப் பங்கு 3,744 டாலர். பென்சில்வேனியாவில் இதை முழுவதும் கழிக்கலாம், 3.07 சதவீத வரியில் மிச்சமாவது ஏறத்தாழ 115 டாலர். உள்ளூர் ஊதிய வரிக்கணக்கிலும் இதே ஷெட்யூலை இணைத்துக் கழிவு கோர முடிவதால், இன்னும் கொஞ்சம் மிஞ்சக்கூடும்.

அதே ஊழியர் கலிஃபோர்னியாவில் இருந்தால் கதை வேறு. ஃபெடரல் சரிப்படுத்திய மொத்த வருமானம் (சில குறிப்பிட்ட கழிவுகள் போக எஞ்சுவது) 90,000 டாலராக இருப்பின், அதில் 2 சதவீதமான 1,800 டாலருக்கு மேற்பட்ட 1,944 டாலர் மட்டுமே அம்மாநில வரிக்கணக்கின் இணைப்பான ஷெட்யூல் சிஏ-யில் ஏறும். அதுவும், செலவுகளை இனம் இனமாகக் காட்டும் முறையில் கழிவுகளின் கூட்டுத்தொகை, செலவு விவரம் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவைத் தாண்டினால்தான் பயன். 2024ஆம் ஆண்டுக்குத் தனிநபரின் நிலையான கழிவு 5,540 டாலர். நன்கொடையோ வீட்டுக்கடன் வட்டியோ இல்லாத வாடகைக்காரர் அதை எட்டுவது அரிது. வீட்டுக்கடன் உள்ளவருக்கே இந்த உழைப்பு பெரும்பாலும் பலன் தரும் என்பது என் கருத்து. ஃபெடரலில் நிலையான கழிவை எடுத்தவரும் கலிஃபோர்னியாவில் இனம் இனமாகக் காட்டலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. நியூயார்க்கிலும் அவ்வாறே, அங்கே படிவம் ஐடி-196, அதே 2 சதவீத வரம்பு, தனிநபருக்கு நிலையான கழிவு 8,000 டாலர்.

எந்த மாநிலமானாலும், நிறுவனம் திருப்பித் தந்த தொகையை முதலில் கழித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் பணிக்குத் தேவையான செலவைத் தரும் கடமை தொழிலாளர் சட்டப்படி நிறுவனத்துக்கே உண்டு என்பதால், வரிக்கணக்கில் தேடுவதற்குமுன் நிறுவனத்திடம் கேட்டுப் பார்ப்பதே நல்லது. அறையின் அளவைக் குறித்த வரைபடம், வாடகை ஒப்பந்தம், மாதாந்திர பில்கள், வீட்டில் பணியாற்றுமாறு நிறுவனம் எழுதிய கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வரித்துறையின் ஆய்வுக் கடிதம் வந்தபின் நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்டால், மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.